சட்டமன்றத்திலிருந்து வாஷிங்டனுக்கு: ஹென்றி வாக்ஸ்மனின் 46 ஆண்டுகள்

அமெரிக்க அரசியல் என்றாலே நமக்கு அதிபர் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டில் ஒரு மாத்திரை என்ன விலைக்கு விற்க வேண்டும், ஏழைக் குழந்தைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா இல்லையா, பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் என்ன அச்சடிக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் சட்டங்களை உட்கார்ந்து எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பலருடைய பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். ஹென்றி வாக்ஸ்மன் அப்படி ஒருவர். கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் 6 ஆண்டு, அப்புறம் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் 40 ஆண்டு இருந்தார். அமெரிக்காவில் சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிற யாருக்கும் நான் இவர் வாழ்க்கையைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அந்த அமைப்பின் எல்லாக் கதவுகளையும் இவர் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறார்.

முதலில் சில அடிப்படை விஷயங்கள். அங்கே 'காங்கிரஸ்' என்பது நாடாளுமன்றத்தின் பெயர், கட்சியின் பெயர் இல்லை. அதில் இரண்டு அவைகள்: 100 பேர் கொண்ட செனட், 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. செனட்டருக்கு 6 ஆண்டு பதவிக்காலம், பிரதிநிதிக்கு வெறும் 2 ஆண்டு. ஒரு தேர்தலில் ஜெயித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். இதற்குக் கீழே 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அது சாக்ரமென்டோ நகரில் கூடுகிறது. அதன் கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். வாஷிங்டனுக்குப் போகிற பலர் முதலில் இந்த மாநில அவைகளில்தான் தொழில் கற்றுக்கொள்கிறார்கள்.

வாக்ஸ்மன் 1939இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த யூதர். அங்கேயே யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானமும் சட்டமும் படித்தார். படிக்கும்போதே ஜனநாயகக் கட்சியின் இளைஞர் அமைப்பில் தீவிரமாக இருந்தார், ஹோவர்ட் பெர்மன் என்ற நண்பரும் அங்கேதான் கிடைத்தார். 1968இல், 28 வயதில், மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடிவு செய்தபோது அந்தத் தொகுதியில் பல ஆண்டுகளாக அசையாமல் இருந்தவர் லெஸ்டர் மக்மில்லன். அவரும் அதே ஜனநாயகக் கட்சிக்காரர்தான். அப்படியானால் எப்படிப் போட்டியிட முடியும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கட்சித் தலைமை கூப்பிட்டு வேட்பாளரை அறிவிப்பதில்லை, கட்சிக்குள்ளேயே வாக்காளர்கள் முதலில் ஒரு தேர்தல் நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை உட்கட்சித் தேர்தல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு அடித்துச் சொல்லும் பலம் இருக்கிற தொகுதியில் உண்மையான போட்டி இந்த உட்கட்சித் தேர்தலில்தான் நடக்கும். வாக்ஸ்மன் அதில் மூத்தவரைத் தோற்கடித்தார். பொதுத்தேர்தல் அதற்குப் பிறகு பெரிய சிரமமில்லை.

சாக்ரமென்டோவில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு, அதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர். எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் பேசாமல் ஒரே துறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதில் மற்ற யாரையும்விட அதிகம் தெரிந்தவராக ஆகிவிட வேண்டும். அவர் பிடித்துக்கொண்டது சுகாதாரம். அந்தச் சட்டமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவரானார், மருத்துவமனை, காப்பீடு, மாநில அரசின் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டம் எல்லாம் எப்படி ஓடுகின்றன என்று நுணுக்கமாகப் படித்துக்கொண்டார். வாஷிங்டனுக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு மாநில அரசு ஒரு திட்டத்தை நடைமுறையில் எப்படி நடத்துகிறது என்றே தெரியாத நிலையில், இவருக்கு அது உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்திருந்தது.

1974இல் கலிஃபோர்னியாவின் தொகுதி எல்லைகள் புதிதாக வரையப்பட்டபோது, லாஸ் ஏஞ்சலஸில் 24ஆவது தொகுதி அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. அது வாட்டர்கேட் ஆண்டு, அதாவது எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் போய்ச் சிக்கியவர்களைக் காப்பாற்ற வெள்ளை மாளிகையே உண்மையை மறைத்தது அம்பலமான ஆண்டு. ஆகஸ்டில் அதிபர் நிக்சன் ராஜினாமா செய்கிறார், நவம்பரில் தேர்தல், கோபத்திலிருந்த மக்கள் ஜனநாயகக் கட்சியின் புதுமுகங்களை எழுபதுக்கும் மேற்பட்ட பேரைச் சபைக்கு அனுப்பினார்கள். அவர்களை 'வாட்டர்கேட் குழந்தைகள்' என்று அழைத்தார்கள், வாக்ஸ்மனும் அதில் ஒருவர்.

இங்கே கொஞ்சம் நின்று குழுக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாவிட்டால் மீதிக் கதை புரியாது. குழு என்றால் ஒரு துறையின் மசோதாக்களை முதலில் ஆராய்கிற சில உறுப்பினர்களின் அணி. அமெரிக்க நாடாளுமன்றத்தில் தாக்கலாகும் மசோதாக்களில் பெரும்பாலானவை சபையின் முழுக் கூட்டத்துக்கு வந்துசேர்வதே இல்லை, குழுவிலேயே செத்துப்போகின்றன. எந்த மசோதாவை எடுப்பது, யாரைச் சாட்சியாகக் கூப்பிடுவது, எந்த வரியை எப்போது வாக்கெடுப்புக்கு விடுவது என்பது குழுத் தலைவர் கையில் இருக்கிறது. தலைவராவதற்கு அந்தக் காலத்தில் ஒரே வழி மூப்பு. யார் அதிக நாள் அந்தக் குழுவில் இருக்கிறாரோ அவர்தான் தலைவர், அவ்வளவுதான். தென் மாநிலங்களில் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்த முதியவர்கள் இப்படியே பத்து இருபது ஆண்டு நாற்காலியை விடாமல் இருந்தார்கள். 1975 ஜனவரியில் வந்திறங்கிய அந்தப் புதுமுகங்கள் முதல் வேலையாக மூன்று மூத்த தலைவர்களை வாக்கெடுப்பில் பதவியிறக்கினார்கள். மூப்பு முக்கியம்தான், ஆனால் சக உறுப்பினர்களின் ஓட்டும் வேண்டும் என்ற நிலை அன்றிலிருந்து வந்தது.

வாக்ஸ்மன் அதைச் சீக்கிரமே பயன்படுத்திக்கொண்டார். எரிசக்தி மற்றும் வணிகக் குழு என்று பிற்பாடு பெயர் பெற்ற பெரிய குழுவுக்குக் கீழே, சுகாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரு துணைக்குழு இருந்தது. 1979இல் அதன் தலைவர் பதவி காலியானது. மூப்பில் முன்னால் இருந்தவர் வட கரோலினாவின் ரிச்சர்ட்சன் பிரையர், மரியாதைக்குரிய மனிதர். வாக்ஸ்மனுக்கோ சபையில் அப்போதுதான் இரண்டு பதவிக்காலம் முடிந்திருந்தது. இருந்தும் போட்டியிட்டு ஜெயித்தார். தன் தேர்தல் நிதியிலிருந்து சக குழு உறுப்பினர்கள் சிலருக்குப் பணம் கொடுத்திருந்தார் என்பது அப்போது பெரிய சர்ச்சையானது. அது சட்டவிரோதம் இல்லை, ஆனால் அழகான காரியமும் இல்லை என்பது என் கருத்து. பின்னால் அந்தப் பழக்கம் இரண்டு கட்சிகளிலும் சாதாரணமாகிவிட்டது.

நாற்காலி கிடைத்த பிறகு அவர் செய்த வேலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அரிய நோய்கள் என்று உண்டு. நாடு முழுவதும் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே வரும், அதனால் மருந்து கண்டுபிடித்தாலும் நிறுவனத்துக்கு லாபம் வராது, எனவே யாரும் முயல்வதில்லை. வாக்ஸ்மன் முன்னின்று கொண்டுவந்து 1983 ஜனவரியில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட அரிய நோய் மருந்துச் சட்டம், அப்படிப்பட்ட மருந்தைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு 7 ஆண்டு தனி விற்பனை உரிமையும் வரிச் சலுகையும் கொடுத்தது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு வரும் நோய் என்பது அரிய நோய்க்கான வரையறையானது. அதன் பிறகு இந்தச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கான மருந்துகள் வந்தன. சில நிறுவனங்கள் அந்தத் தனி உரிமையை வைத்துத் தாங்கமுடியாத விலை வைத்ததும் நடந்தது, வாக்ஸ்மனே பின்னாளில் அதைத் திருத்த முயன்றார்.

அடுத்தது 1984 செப்டம்பரில் வந்த சட்டம், எல்லோரும் 'ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம்' என்று சொல்வது. இதில் ஹாட்ச் என்பவர் யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர், பழமைவாதி, வாக்ஸ்மனோடு பெரும்பாலான விஷயங்களில் ஒத்துப்போகாதவர். அதற்கு முன்னால் ஒரு மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகும் அதே மருந்தை வேறொரு நிறுவனம் மலிவாகச் செய்து விற்க நினைத்தால், மனிதர்கள் மீது செய்யும் சோதனைகளை முதலிலிருந்து மறுபடி நடத்த வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவாகும். புதுச் சட்டம் சொன்னது இதுதான்: மருந்து பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று ஒருமுறை நிரூபித்தாகிவிட்டது, நீ உன்னுடைய மாத்திரையும் உடலில் அதே அளவு, அதே வேகத்தில் சேர்கிறது என்று மட்டும் காட்டினால் போதும். அதே சமயம் மூல மருந்து நிறுவனங்கள் அரசு அனுமதிக்காகக் காத்திருந்து இழந்த காலத்தில் ஒரு பகுதியை, அதிகபட்சம் 5 ஆண்டு வரை, காப்புரிமையில் திரும்பப் பெற்றன. ஒரு காப்புரிமையை எதிர்த்து முதலில் வருகிற மலிவு மருந்து நிறுவனத்துக்கு 180 நாள் போட்டியில்லாத விற்பனை. இரண்டு பக்கமும் எதையோ பெற்றது, இரண்டு பக்கமும் எதையோ விட்டுக்கொடுத்தது. 1984இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய மருந்துச்சீட்டுகளில் சுமார் 19 சதவீதம்தான் இத்தகைய மலிவு மருந்துகள், இன்று சுமார் 90 சதவீதம். இந்தியாவின் மருந்து நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் கதவைத் திறந்ததும் இந்தச் சட்டம்தான். 2001இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ஃபுளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தின் 40 மில்லிகிராம் அளவுக்கு அந்த 180 நாள் உரிமையைப் பெற்றது.

ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் அவர் செய்தது இன்னும் நுட்பமானது. அந்தத் திட்டத்தின் பெயர் மெடிகெய்ட், மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 1980களில் வெள்ளை மாளிகையில் ரீகன் இருந்தார், எங்கே பார்த்தாலும் செலவைக் குறை என்ற பேச்சுதான். ஒரு பெரிய புதுத் திட்டம் கொண்டுவந்தால் நிச்சயம் தோற்கும். அதனால் வாக்ஸ்மன் ஆண்டுதோறும் வரும் பட்ஜெட் தொகுப்பு மசோதாவுக்குள் சின்னச் சின்ன விரிவாக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். முதலில் சில கர்ப்பிணிப் பெண்கள். அப்புறம் மாநிலங்கள் விரும்பினால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் சேர்க்கலாம் என்று ஒரு விதி. ஓரிரு ஆண்டு கழித்து 'விரும்பினால்' என்பது போய் 'கட்டாயம்' வந்தது. 1989இல் வறுமைக்கோட்டின் 133 சதவீதம் வரை வருமானமுள்ள குடும்பங்களின் கர்ப்பிணிகளும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் உள்ளே வந்தார்கள். 1990இல் போட்ட விதி எனக்கு மிகவும் பிடித்தது: 1983 செப்டம்பர் 30க்குப் பிறகு பிறந்த ஏழைக் குழந்தைகள் எல்லோருக்கும் காப்பீடு, அவர்கள் 19 வயதாகும்வரை. அந்தத் தேதியில் பிறந்த குழந்தை வளர வளர, ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயது கூடுதலாகத் திட்டத்துக்குள் வரும், 2002இல் 18 வயது வரையிலான எல்லா ஏழைக் குழந்தைகளும் உள்ளே இருப்பார்கள். முதல் ஆண்டு செலவு சிறியது, அதனால் அன்றைய பட்ஜெட்டில் உறுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கத் தயாராக உள்ளவருக்குத்தான் இப்படி ஒரு வரி எழுதத் தோன்றும். இரண்டாண்டு பதவிக்காலம் உள்ளவர் அதைச் செய்தார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

சுத்தமான காற்றுக்கான சட்டத்தில் அவர் காட்டியது வேறு முகம். 1982இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்த ஒரு மசோதா வந்தது. அதை முன்னெடுத்தவர் அதே கட்சியின் ஜான் டிங்கல், முழுக் குழுவின் தலைவர், கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்தவர். வாக்ஸ்மனின் ஊரான லாஸ் ஏஞ்சலஸோ புகைமூட்டத்துக்குப் பெயர்போனது. ஓட்டு எண்ணிக்கையில் வாக்ஸ்மன் பக்கம் பலம் குறைவு. அவர் என்ன செய்தார் என்றால், சுமார் 600 திருத்தங்களைத் தயாரித்து, கடையில் சாமான் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளில் அடுக்கிக் குழு அறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்தால் எப்போது முடியும்? மசோதா அப்படியே தேங்கிப்போனது. பெரும்பான்மை இல்லாதபோது நேரத்தை ஆயுதமாக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எட்டு ஆண்டு கழித்து, 1990 நவம்பரில், அமில மழையையும் நச்சு வாயுக்களையும் கட்டுப்படுத்தும் பலமான சட்டத்தில் அதிபர் மூத்த புஷ் கையெழுத்திட்டார். அதற்கான பேரங்களில் டிங்கலும் வாக்ஸ்மனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேசி முடித்தார்கள்.

அதே 1990இல் இன்னும் இரண்டு. உணவுப் பாக்கெட்டுகளில் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அளவைக் கட்டாயம் அச்சிடவைத்த சட்டம் ஒன்று. எய்ட்ஸ் நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி தரும் ரையன் வைட் சட்டம் மற்றொன்று. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூனில் வந்தது, அதில் இருந்த ஐந்து நோயாளிகளும் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். நோய்க்கு அந்தப் பெயர்கூட வைக்கப்படாத 1982 ஏப்ரலிலேயே வாக்ஸ்மன் தன் ஊரில் விசாரணைக் கூட்டம் நடத்திவிட்டார்.

1994 ஏப்ரல் 14 அன்று வாக்ஸ்மனின் துணைக்குழு நடத்திய விசாரணையை அமெரிக்காவே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் வரிசையாக நின்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள், அப்புறம் நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் இல்லை என்று நம்புவதாக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த விசாரணையில் எந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. விசாரணைக் குழு என்பது சட்டம் எழுதும் இடம் மட்டும் கிடையாது, சத்தியத்தின் பேரில் பதில் சொல்லவைக்கும் இடமும்தான். அந்த நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வரத் தொடங்கியபோது அந்தப் பதில்கள் அவர்களையே திருப்பித் தாக்கின. மாநிலங்கள் தொடர்ந்த வழக்குகளை முடித்துக்கொள்ள, 1998இல் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன.

ஆனால் வாக்ஸ்மனால் அந்த விசாரணையைத் தொடர முடியவில்லை. 1994 நவம்பரில் குடியரசுக் கட்சி 40 ஆண்டுக்குப் பிறகு சபையைக் கைப்பற்றியது. பெரும்பான்மை மாறினால் எல்லாக் குழுத் தலைவர்களும் ஒரே நாளில் மாறிவிடுவார்கள். புதிய குழுத் தலைவர் டாம் பிளைலி, புகையிலைத் தொழில் வேரூன்றிய வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரக்காரர். விசாரணை அத்தோடு நின்றது.

அடுத்த 12 ஆண்டு எதிர்க்கட்சி வரிசை. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் விலகிவிடுவார்கள். வாக்ஸ்மன் அரசாங்கத்தைக் கண்காணிக்கும் குழுவில் தன் கட்சியின் முதன்மை உறுப்பினராக உட்கார்ந்து, சிறு ஆய்வாளர் அணி ஒன்றை அமைத்து அறிக்கைமேல் அறிக்கையாக வெளியிட்டார். 1928இல் போட்ட ஒரு பழைய சட்டப்பிரிவு உண்டு, அந்தக் குழுவின் எந்த ஏழு உறுப்பினர்கள் கேட்டாலும் அரசுத் துறைகள் தகவல் தர வேண்டும் என்று. அதைத் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்தினார். இந்தக் காலத்தில்தான், 2002இல், இராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். போருக்குக் காரணமாகச் சொன்ன ஆதாரங்களைப் பின்னால் கடுமையாகக் கேள்வி கேட்டார் என்றாலும், அந்த ஓட்டு தவறுதான்.

இன்னொரு முடிவும் விவாதத்துக்குரியது. 1985 மார்ச்சில் அவர் தொகுதியில் ஃபேர்ஃபேக்ஸ் பகுதியில் பூமிக்கடியிலிருந்து கசிந்த மீத்தேன் வாயு ஒரு துணிக்கடையில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்தப் பகுதியில் சுரங்க ரயில் தோண்ட மத்திய அரசுப் பணம் கூடாது என்று வாக்ஸ்மன் சட்டம் கொண்டுவந்தார். தொகுதி மக்களின் பயம் நியாயமானது. விளைவு, வில்ஷயர் சாலை வழியாக மேற்கே போக வேண்டிய ரயில் இருபது ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனது. இப்போதைய தொழில்நுட்பத்தில் பாதுகாப்பாகத் தோண்டலாம் என்று நிபுணர் குழு 2005இல் சொன்ன பிறகு, அவரே தடையை நீக்க முன்வந்தார். ஒரு பிரதிநிதி நாட்டுக்கும் தொகுதிக்கும் இடையே எப்படி இழுபடுகிறார் என்பதை இதில் பார்க்கலாம்.

2006 தேர்தலில் காற்று திரும்பியது. கண்காணிப்புக் குழுவின் தலைவரானார். 2008 அக்டோபரில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த வாரங்களில், மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார், சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற தன் கோட்பாட்டில் குறை இருந்ததைக் கிரீன்ஸ்பான் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் வாக்ஸ்மன் தன் பழைய எதிராளி டிங்கலுக்கு எதிராகவே எரிசக்தி மற்றும் வணிகக் குழுத் தலைவர் பதவிக்கு நின்றார். 1955இலிருந்து சபையில் இருந்தவர் டிங்கல். கட்சி உறுப்பினர்களின் ஓட்டில் வாக்ஸ்மன் 137க்கு 122 என்று ஜெயித்தார். 1975இல் மூத்தவர்களை இறக்கிய தலைமுறை, 33 ஆண்டு கழித்தும் அதே வழியில் போனது.

அந்தத் தலைவர் பதவியில் இருந்த இரண்டு ஆண்டில் செய்தவை: 2009 ஜூனில் புகையிலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மருந்து ஒழுங்குமுறை நிர்வாகத்துக்குக் கொடுத்த சட்டம், அந்த ஏழு பேர் சத்தியம் செய்து 15 ஆண்டுக்குப் பிறகு. 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அதைச் சபையில் எழுதிய மூன்று குழுத் தலைவர்களில் இவர் ஒருவர். பெரிய தோல்வியும் அப்போதுதான். பருவநிலை மாற்றத்துக்காகச் சக உறுப்பினர் எட் மார்க்கியோடு சேர்ந்து கொண்டுவந்த மசோதா 219க்கு 212 என்று சபையில் ஜெயித்தது, செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஒரே ஆள் எப்படி 20 முறை ஜெயித்தார்? உழைப்பு ஒரு காரணம், பாதுகாப்பான தொகுதி இன்னொரு காரணம், இதை மறைக்கக் கூடாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகளை மறுபடி வரைவார்கள். கலிஃபோர்னியாவில் அதைச் சட்டமன்றமே நெடுங்காலம் செய்தது, 1980களின் வரைபடத்தில் பெர்மன், வாக்ஸ்மன் அணிக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. அவர் தொகுதியின் எண்கூட 24, 29, 30, 33 என்று மாறிக்கொண்டே போனது. பின்னர் மாநில மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த அதிகாரத்தைக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஆணையம் வரைந்த புதிய 33ஆவது தொகுதியில் 2012இல் அவர் 54க்கு 46 சதவீதம் என்று ஜெயித்தார், அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே கடினமான மறுதேர்தல் அது. அதே ஆண்டு அதே புதிய வரைபடத்தால் ஹோவர்ட் பெர்மன் தோற்றுப்போனார். அவரும் சட்டமன்றத்திலிருந்து போனவர்தான், வாஷிங்டனில் 30 ஆண்டு இருந்தவர்.

2014 ஜனவரியில் இனிப் போட்டியில்லை என்று வாக்ஸ்மன் அறிவித்தார். அடுத்த மாதம் டிங்கலும் அறிவித்தார். 2015 ஜனவரி 3 அன்று இருவருடைய பதவிக்காலமும் ஒன்றாக முடிந்தது. டிங்கலின் இடத்துக்கு அவர் மனைவி டெபி வந்தார். வாக்ஸ்மனின் இடத்துக்கு வந்தவர் டெட் லியூ, அதுவரை சாக்ரமென்டோவில் மாநில செனட்டராக இருந்தவர்.